அகில் எங்கே?

டாம் ஃபோர்டின் ‘ஊத் வுட்’ வாசனைத் திரவியத்தைத் தெளித்ததும் முதலில் எழுவது ஏலக்காய். பின்னாலேயே சந்தனம், அடியில் வெட்டிவேர். ‘ஊத்’ என்றால் அகில்; அந்த அகிலை மூக்கு தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அகில் மரம் காயம்பட்டுப் பூஞ்சை தொற்றினால்தான் உள்ளே கருத்த பிசின் ஊறும். அதிலிருந்து வடித்த அசாம் எண்ணெயில் எடுத்த எடுப்பில் மாட்டுத்தொழுவ வாடைகூட வீசலாம். வளைகுடாவின் அத்தர் பிரியர்கள் அதற்கும் சேர்த்தேதான் விலை கொடுக்கிறார்கள். 2002இல் ஈவ் சான் லோரான் நிறுவனத்துக்காக இதே ஃபோர்டின் மேற்பார்வையில் வந்த ‘எம்7’ அந்த முரட்டுக் குணத்தைக் கொஞ்சம் காட்டியது. மேற்கத்தியச் சந்தை மிரண்டது. 2007இல் வந்த ‘ஊத் வுட்’, குளிப்பாட்டித் தலைசீவி விருந்துக்கு அனுப்பிய பிள்ளை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அந்த அளவில் நேர்த்தியான சரக்குதான். ஆனால், விலைக்கேற்ற நேரம் மணம் நிற்பதில்லை என்பது வாங்கியவர்களில் பலருடைய பழைய புலம்பல். அகில் இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்க, பல மேற்கத்திய ‘ஊத்’ புட்டிகளில் மணப்பது ஆய்வுக்கூடக் கலவையே. ஏலம், சந்தனம், வெட்டிவேர் ஆகியவற்றின் கூட்டு என்று சொல்லி விற்றால் இந்த விலை கிடைக்குமா என்ன?