வேலைக்கு வந்த மீன்



வீட்டுக்கு ஓர் உயிரை வாங்கிக் கொண்டு வருவது இலேசான காரியம். அது நமக்கு ஒத்துவராமல் போகும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் நமது குணம் தெரியும். கோழி, பூனை, கிளி எதுவானாலும் இதே கதைதான். இந்த மாதம் ஒரு சின்னக் கடல் மீனை வைத்து இதைப் பேசுவோம்.

கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, அதற்குள் உயிருள்ள முருகைகளை வளர்ப்பது வெளிநாடுகளில் பலருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. நமது நாட்டில் கடலிலிருந்து முருகையை உடைத்து எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. இங்கே நமது வீடுகளில் நாம் காண்பது பெரும்பாலும் நன்னீர்த் தொட்டிதான். ஆனாலும் வெளிநாட்டில் வாழும் உறவினர் வீடுகளில் முருகைத் தொட்டியைக் கண்டு வியந்த சகோதரிகளும் இருப்பீர்கள்.

அந்தத் தொட்டி வைத்திருப்போருக்குப் பெரிய தலையிடி பாசி. வெளிச்சமும் மீன்களின் கழிவும் சேர்ந்தால் கண்ணாடியிலும் கல்லிலும் பாசி படர்ந்துவிடும். அதைச் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தவர்கள், பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கி விடுவார்கள். அப்படி வாங்கப்படும் மீன்களில் ஒன்று லோன்மோவர் பிளெனி. புல் வெட்டும் இயந்திரத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகள் சலாரியஸ் ஃபாசியேட்டஸ் என்பார்கள். செங்கடலிலிருந்து பசுபிக் சமுத்திரத்தின் சமோவாத் தீவுகள் வரை, ஆழம் குறைந்த முருகைக்கல் ஓரங்களில் வாழும் இனம் இது. வளர்ந்தால் ஏறத்தாழ 14 சென்டிமீற்றர் இருக்கும்.

அழகான மீன் என்று சொல்ல முடியாது. பழுப்பு நிறம், மேலெல்லாம் புள்ளியும் பட்டையும், தடித்த உதடு, தலையின் உச்சியில் உருளும் கண்கள். எந்நேரமும் நீந்தித் திரியாது. கல்லில் குந்தியிருந்து, வீட்டுக்கு வருவோரை விசாரிப்பது போலப் பார்க்கும். சீப்புப் பற்களைப் போன்ற மெல்லிய பற்களால் கல்லையும் கண்ணாடியையும் சுரண்டித் தின்னும். அது சுரண்டிய இடத்தில் உதட்டின் அச்சு பதிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இதைப் பார்த்துக் கொண்டிருப்பதே பெரிய சந்தோஷம்.

சில மாதங்களில் தொட்டி பளிச்சென்று ஆகிவிடும். வீட்டார் மகிழ்வார்கள். மீனுக்குத் தொல்லை தொடங்குவது அப்போதுதான். கடலில் அது நாள் முழுக்க மேய்ந்து, பாசியையும் பாசிக்குள் சிக்கிய மக்கிய துணுக்குகளையும் தின்று வாழ்ந்த மீன். தொட்டியில் பாசி தீர்ந்ததும் வயிறு ஒட்டிப் போகும். சில மீன்கள் கடைத்தீனுக்கு வாய் வைக்காமல் மெலிந்து செத்துப் போவதும் உண்டு. வேறு சில, பக்கத்தில் இருக்கும் முருகையைக் கொறிக்கத் தொடங்கும்.

முருகை கல்லைப் போலத் தெரிந்தாலும் அதுவும் ஓர் உயிரினம். கல்லின் மேல் வாழும் மிகச் சிறிய பிராணிகளின் கூட்டம் அது. ஓயாமல் கொத்துப்பட்டால் அவை சுருங்கி உள்ளே ஒடுங்கிக் கொள்ளும். நாளடைவில் சதை அழிந்து வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சும். மிகுந்த செலவில், பல வருடம் பார்த்து வளர்த்த முருகை கண்ணெதிரே அழிவதைக் கண்டால் யாருக்கும் கோபம் வரும். நேற்றுவரை உழைப்பாளி என்று புகழப்பட்ட மீன், இன்று கள்ளன் ஆகிவிடுகிறது.

அவசரப்படாமல் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீன் முருகையின் சதையைத்தான் கடிக்கிறதா, அல்லது அதன் அடியிலும் செத்த பகுதியிலும் முளைத்த பாசியைத்தான் சுரண்டுகிறதா? சில நாட்கள் பொறுமையாகப் பார்த்தால் விளங்கும். பாசியைத் தின்றால் அது நன்மையே. சதையைக் கடிப்பது நிச்சயமானால், முதலில் அதன் பசியைத் தீர்த்துப் பாருங்கள். உப்பும் எண்ணெயும் சேராத காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டி வைக்கலாம். பாசி சேர்த்துச் செய்த மீன் தீனும் கடைகளில் உண்டு. வயிறு நிறைந்ததும் கொறிப்பதை விட்டுவிடும் மீன்களும் உண்டு. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது போல, விடாமல் தொடர்பவையும் உண்டு. அப்போது வேறு வீடு தேடுவதே வழி.

எப்படிப்பட்ட வீடு? முருகை இல்லாத, மீன்களும் கற்களும் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டியே அதற்கு உகந்தது. அது புதிதாக வைத்த தொட்டியாக இருக்கக்கூடாது. பல மாதம் ஓடி, கல்லில் பாசி பிடித்ததாக இருக்க வேண்டும். 100 லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். இது துள்ளி வெளியே விழும் மீன், ஆகவே மூடி அவசியம். தன்னைப் போன்ற இன்னொரு பிளெனி அங்கே இருந்தால் சண்டை மூளும்.

பிடிப்பதும் எளிதல்ல. வலையை வீசித் துரத்தினால் கல்லிடுக்கில் புகுந்து கொள்ளும், முருகையும் உடையும். பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாக உள்ளே செருகி, கடற்பாசித் துண்டைப் போட்டு தொட்டியின் அடியில் வைத்தால் தானாகவே நுழையும். ஓரிரு நாள் காத்திருக்க நேரலாம். பிடித்த மீனை அதே தொட்டித் தண்ணீரோடு பையில் இட்டு, தண்ணீரை விடக் காற்று அதிகம் இருக்கும்படி கட்டி, வெயில் படாமல் இருட்டுப் பெட்டியில் கொண்டு செல்ல வேண்டும். புதிய வீட்டில் அந்தத் தொட்டியின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உப்பும் சூடும் பழகிய பிறகே விட வேண்டும்.

“இவ்வளவு சிரமம் எதற்கு, கடலில் விட்டால் போகுமே” என்று சிலர் நினைப்பார்கள். அது இரக்கம் போலத் தோன்றும் பெரும் தவறு. தொட்டியில் தொற்றிய நோயும் ஒட்டுண்ணியும் அந்த மீனோடு கடலுக்குப் போகும். அந்தக் கடல் அதன் சொந்தக் கடலாக இல்லாவிட்டால் கேடு இன்னும் பெரிது. நமது சமுத்திரத்தைச் சேர்ந்த சிங்க மீன் 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டி மீன் வளர்த்தோர் விட்டதே காரணம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது வீடுகளில் ‘டாங்க் கிளீனர்’ என்று வாங்கும் மீனைப் பாருங்கள். அதுவும் பாசி தின்னும் வேலைக்காக வந்ததுதான். சொந்த ஊர் தென் அமெரிக்கா. விரலளவில் வாங்குகிறோம், ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டி போதாமல் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். இன்று அது நமது நீர்நிலைகளில் பெருகி, மீன்பிடிக்கும் ஏழைகளின் வலையைக் கிழிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீனைக் கொடுக்கும்போது வாங்குபவர் கேட்பார்: “ஏன் கொடுக்கிறீர்கள்?” “தொட்டியில் இடமில்லை” என்று சொல்லிவிடுவது எளிது. முருகையைக் கடிக்கும் என்று சொன்னால் வாங்காமல் போய்விடுவாரோ என்ற பயம் வரும். ஆனால் மறைத்துக் கொடுத்தால், அது திரும்பவும் முருகைத் தொட்டிக்கே போய்ச் சேரலாம். அங்கும் கள்ளப்பட்டம் கேட்டு, மூன்றாவது வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு முறை பிடித்து இடம் மாற்றும்போதும் அதன் உயிரில் ஒரு பங்கு குறைகிறது. வாங்கியவரின் முருகையும் வீணாகிறது. கடைக்குத் திருப்பிக் கொடுத்தாலும், அதன் குணத்தையும் அது தின்னும் தீனையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அது போய்ச் சேரட்டும்.

உரிய வீடு கிடைக்கும்வரை தீன் கொடுத்துப் பார்த்துக் கொள்வது நமது பொறுப்பு. வேலை முடிந்துவிட்டது என்பதற்காக அதன் வயிற்றை நாம் மறந்துவிட முடியாது. அந்த மீன் நம்மிடம் வேலை கேட்டு வரவில்லை. நாமே அதைக் கடலிலிருந்து வரவழைத்தோம்.

பிள்ளைகள் தொட்டி கேட்டு அடம்பிடிக்கும்போது, வாங்குவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு வளரும்? பாசி தீர்ந்தால் என்ன தின்னும்? நம்மால் வைத்திருக்க முடியாமல் போனால் எங்கே கொடுப்போம்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போனால் போதும்.