கட்டை விரல் கேட்காத ஆசான்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டி. பொழுது புலராத நேரம். பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்குகிறது. பெட்டி பெட்டியாக லாரியில் ஏறுகிறது. ஏறுவது பெட்டி, தேய்வது தோள்!

அங்கே மூட்டை தூக்கும் நம் தோழர் ஒருவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"அண்ணே, என் அண்ணன் மகன் ஓசூரிலே கம்பெனி வேலைக்குப் போகிறான். ஜிம்முக்கு மாதம் 1,000 கட்டுகிறானாம். பக்கத்திலே நின்று சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்குத் தனியாக 5,000 கேட்கிறார்களாம். நான் பாரம் தூக்கிக் காசு வாங்குகிறேன். அவன் காசு கொடுத்துப் பாரம் தூக்குகிறான். எங்களில் யாரண்ணே புத்திசாலி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு தவறு ஒளிந்திருந்தது. அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் சிரித்த அந்தத் தோழரே!

உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? காலை முதல் மாலை வரை வியர்வை சிந்துகிறவன், மாலையில் வேறு சிந்த வேண்டுமா? தொப்பை விழுந்த துரைமார்களுக்கல்லவா அது தேவை? நம்மவர் பலர் கேட்பது இதுதான். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆராய்ந்து பார்ப்போம் தோழர்களே!

1953-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஓர் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறக்குறைய 31,000 பேரின் உடல்நிலையை ஆராய்ந்தார்கள். மாடிப் பேருந்தின் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். அதே பேருந்தின் கண்டக்டர் நாள் முழுதும் படி ஏறினார், படி இறங்கினார். ஒரே வண்டி, ஒரே புகை, ஒரே தெரு. ஆனால் மாரடைப்பு ஓட்டுநரைத்தான் அதிகம் தேடி வந்தது! அசையும் உடல் வாழும் என்று உலகுக்குச் சொன்னவர்கள் சீமான்கள் அல்லர். சீட்டுக் கிழித்துக் கொடுத்த தொழிலாளர்கள்.

"அப்படியானால் மூட்டை தூக்குகிறவன் நூறாண்டு வாழ்வானே!" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கதை திரும்புகிறது. டென்மார்க்கில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து, 2021-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாகக் காணப்பட்டன. வேலையில் கடுமையாக உடலை இயக்கியவர்களுக்கோ அவை அதிகமாகக் காணப்பட்டன!

அதே கை, அதே கால், அதே வியர்வை. ஏன் இந்த வேறுபாடு? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளியது. பயிற்சி அரை மணி நேரம், பிறகு ஓய்வு. வேலையோ எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். நெஞ்சு படபடத்தாலும் நிறுத்த முடியாது; தோள் வலித்தாலும் மாற்ற முடியாது. மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே பாரம், அதே தோள்.

ஆம் தோழர்களே! வேலை என்பது வேறொருவன் உன் மீது ஏற்றும் பாரம். பயிற்சி என்பது உனக்காக நீயே தேர்ந்தெடுக்கும் பாரம். எவ்வளவு, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை முதலாவதில் முதலாளி தீர்மானிக்கிறான். இரண்டாவதில் நீ தீர்மானிக்கிறாய். நாள் முழுதும் பிறருக்கு வாடகைக்கு விட்ட உடலை, அரை மணி நேரமாவது சொந்தமாக ஆளுகின்ற உரிமைதான் உடற்பயிற்சி!

சரி, எந்தப் பயிற்சி? கைபேசியைத் திறந்தால் ஆயிரம் பேர் ஆயிரம் வழி சொல்கிறார்கள். நடிகர் படத்தைக் காட்டி, நாற்பதே நாளில் நானும் நீயும் அப்படி ஆகலாம் என்கிறார்கள். அவற்றை மூடி வை. முதலில் உன் வேலையைப் பார். வேலை உன் உடலில் எதைத் தேய்க்கிறது, எதைத் தூங்க வைக்கிறது என்று பார்.

மூட்டை தூக்குகிற தோழருக்குத் தேவை மேலும் ஒரு மூட்டை அன்று. முன்னே குனிந்து குனிந்து முடங்கிய மார்பும் இடுப்பும் விரியவேண்டும். முதுகும் வயிறும் உறுதிப்படவேண்டும். பாரமில்லாமல் கைவீசி நடக்கவேண்டும். பேருந்து ஓட்டுகிறவருக்கும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவருக்கும் தேவை கால். அவர்கள் உட்கார்ந்து எழவேண்டும், வேகமாக நடக்கவேண்டும். ஓசூர் ஆலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவனுக்கு, நிற்பதைத் தவிர மற்ற எல்லாமே தேவை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறிய அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 30 நிமிடம். நம் பொதுக்கூட்டங்களில் தலைமையுரை முடிவதற்குள் முடிந்துவிடும்!

வலுவுக்கு நான்கு அசைவுகள் போதும். உட்கார்ந்து எழுதல், அதுதான் பஸ்கி. தள்ளுதல், அதுதான் தண்டால். இழுத்தல், அதாவது கம்பியைப் பற்றி உடலை மேலே தூக்குதல். நான்காவது, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து பாரம் எடுத்தல். ஒரு நாள் செய்தால் மறுநாள் அந்தத் தசைக்கு ஓய்வு. நெஞ்சுவலி, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும்.

மற்றொன்று: சிறுகச் சிறுக ஏற்று! கிரேக்க நாட்டு மல்லன் மைலோ, கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கினானாம். கன்று காளையானபோது காளையையே தூக்கினானாம். கதைதான், ஆனால் கருத்து மெய். அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களுக்கு, படிப்படியாகப் பாரத்தைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து 1945-இல் முடிவை வெளியிட்டார். இன்றைக்கு ஜிம்மில் மாஸ்டர் "பத்து பத்தாக மூன்று தடவை" என்கிறாரே, அந்தக் கணக்கு புகழ் பெற்றது டிலார்மின் முறையால்தான். நொண்டி வந்தவனை நடக்க வைக்கப் பிறந்த கணக்கு அது. நடந்து வந்தவனை நொண்ட வைக்க அன்று!

ஏன் இதைச் சொல்கிறேன்? என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மேடையில் பேசுகிறவன். இரவில் இரண்டு கூட்டம், நள்ளிரவில் பரோட்டா, பேருந்தில் தூக்கம். முப்பதைத் தாண்டியதும் சட்டைப் பொத்தான் சண்டை போட ஆரம்பித்தது. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாளே, பக்கத்தில் இருபது வயது இளைஞன் தூக்கிய பாரத்தை என்னிடமும் கொடுத்தார் மாஸ்டர். அடுக்குமொழி பேசுகிற வாய்க்கு அடங்கும் இடுப்பா இது? "கிளுக்" என்று ஓர் ஓசை. பதினைந்து நாள் மேடையில் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்து பேசினேன். "இதற்கு முன் பாரம் தூக்கியிருக்கிறீர்களா?" அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால் போதும்! எனக்காவது நாற்காலி போட்டார்கள். நாள் கூலிக்காரனுக்குப் பதினைந்து நாள் என்றால், பதினைந்து நாளும் அடுப்பு அணைந்திருக்கும்.

அப்படியானால் பயிற்றுநரே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். ஏகலைவன் கதையை எண்ணிப் பாருங்கள். வேடர் குலத்துப் பிள்ளைக்கு வில்வித்தை கற்றுத்தர மறுத்தார் துரோணர். அவன் மண்ணால் உருவம் செய்து வைத்து, தானே பயின்று, வில்லாளியானான். கற்றுக்கொடுக்காத ஆசிரியர், காணிக்கை மட்டும் கேட்டார்: வலக்கைக் கட்டை விரல்! விளையாட்டுப் பயிற்றுநருக்கு இந்திய அரசு 1985 முதல் வழங்கும் விருதின் பெயர் என்ன தெரியுமா? துரோணாச்சாரியார் விருது! வேடிக்கை அதோடு நிற்கவில்லை. முதல் ஆண்டே அதைப் பெற்றவர்களில் ஒருவர் ஓ. எம். நம்பியார். கேரளத்துச் சிற்றூர்ப் பெண் பி. டி. உஷாவைக் கண்டெடுத்துப் பயிற்றி, 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தைத் தவறவிடும் அளவுக்கு உயர்த்தியவர் அவர். விருதின் பெயரில் இருப்பவர் விரலை வாங்கியவர்; விருதை வாங்கியவரோ கால்களுக்குச் சிறகு கொடுத்தவர். பயிற்றுநர்களில் இரு வகை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

நம் அண்டை மாவட்டமான சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனைப் பாருங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய பிள்ளை. தாய் காய்கறி விற்றுக் காப்பாற்றினார். அவனுடைய ஆற்றலை முதலில் கண்டது பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் கண். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம்! பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். ஒரு விரற்கடை உயரத்துக்காக ஓராண்டு உழைக்கிறவனுக்குப் பயிற்றுநர் கண் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

காவலர் தேர்வுக்குப் போகிற நம் ஊர் இளைஞனுக்கும் வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும், கயிறு ஏறவேண்டும். தவறினால் வேலை தவறும். அடிபட்டு மீள்கிறவனுக்கு வேண்டும். தோளில் கனத்த பாரம் ஏந்தி அமர்ந்து எழக் கற்கிறவனுக்கும் வேண்டும். ஆனால் நலமாக வாழ நடக்கிறவனுக்கும், பஸ்கி தண்டால் எடுக்கிறவனுக்கும், மாதம் 5,000 வீதம் ஆண்டு முழுதும் ஆள் எதற்கு? நீச்சல் கற்றுக்கொடுத்தவரைச் சாகும்வரை கிணற்றடியில் நிறுத்தி வைப்போமா?

ஆகவே பயிற்றுநரிடம் போனால், நீ கேட்கவேண்டியவை சில. "எங்கே கற்றீர்கள்?" 1920-இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது, 1961 முதல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. புஜத்தைக் காட்டுவது பதிலாகாது. அடுத்து, "என் வேலை என்ன, என் வலி என்ன என்று கேட்டீர்களா?" கடைசியாக, "நீங்கள் இல்லாமல் நான் செய்ய எத்தனை நாளில் கற்றுத்தருவீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவர் துரோணர் பரம்பரை!

"பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது" என்றால் எழுந்து வந்துவிடு. இந்தியாவில் விற்கும் 36 வகைப் புரதப் பொடிகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் மேலே எழுதியிருந்த கணக்கு ஒன்று, உள்ளே இருந்த சரக்கு வேறு! தசை வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே ஆண்டில் அறிவுறுத்தியது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். கடும் பயிற்சி என்றால் சற்று கூடுதல். நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம் இருக்கிறது; கொள்ளில் 22; ஒரு முட்டையில் 6. களியோடு கொள்ளுக் குழம்பு உண்ட தருமபுரிக்காரனுக்கு டப்பா எதற்கு? "ஊசி போட்டுக்கொள்" என்று ஒருவன் சொன்னாலோ, அவன் கேட்பது கட்டை விரல் அன்று, உயிர்! அந்த ஊக்க மருந்து இதயத்தைத் தடிக்கச் செய்யும், ஈரலைக் கெடுக்கும், ஆண்மையை அழிக்கும்.

மண்டித் தோழருக்கு என் பதில் இதுதான்: இருவருமே புத்திசாலிகள், இருவரும் பாதி வழியில் நிற்கிறீர்கள். அவன் பாரத்தைத் தேர்ந்தெடுத்தான். ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் விழிக்கிறான். நீ ஆளிடம் ஏமாறவில்லை. பாரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே மறந்துவிட்டாய்.

ஒரு வழி இருக்கிறது. ஒருவனால் 5,000 முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 500. ஒரே ஒரு மாதம் நல்ல பயிற்றுநர் ஒருவரை அமர்த்துங்கள். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஊருக்கு ஒருவராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். பத்துப் பேரும் முறையைக் கற்றபின், ஒருவன் செய்யும்போது மற்றவன் பார்த்துத் திருத்தட்டும். இரண்டாம் மாதம் பத்துப் பேர், இருபது பேருக்கு ஆசிரியர்! படிப்பகம் கண்ட நமக்கு இது புதிதா? நாளிதழ் படிக்க ஒரு பெஞ்சு போட்ட இடத்தில், தொங்கிப் பழக ஒரு கம்பியும் சுற்றிப் பழக இரண்டு கர்லாக்கட்டையும் வைக்க முடியாதா?

கட்டை விரல் போனால் கை எதையும் பற்றாது. நான்கு விரல் மடக்கினாலும் அது முட்டி ஆகாது. கற்றுக்கொள்வோம் தோழர்களே, கற்றுத்தருபவருக்கு உரிய கூலியை மதிப்போடு கொடுப்போம். கட்டை விரலை மட்டும் எவருக்கும் கொடோம்!