அடம் எனப் பெயர் பெறும் நோய்

வளர்ப்பு நாய் கடித்தாலும், பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தாலும், அது வளர்ப்பின் குறை என்றும், அதைத் திருத்துவது பயிற்சியாளரின் வேலை என்றும், கால்நடை மருத்துவர் காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே உரியவர் என்றும் கருதும் போக்கு வளர்ப்போரிடையே வலுவாக உள்ளது. உடலையும் நடத்தையையும் இரு துறைகளாகக் கூறுபோடும் இக்கருத்து, வாய் பேசாத உயிர் தன் உடல்நிலையை வெளிப்படுத்தும் முதன்மையான வழியே நடத்தைதான் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

பல ஆண்டுகள் சாதுவாக இருந்த நாய், முதுகைத் தொட்டவுடன் உறுமத் தொடங்கினால், அதற்குத் திமிர் கூடிவிட்டது என்பதே வழக்கமான விளக்கம். மூட்டுத் தேய்வும் பல்வலியும் காதுப் புண்ணும் இதே உறுமலை எழுப்பும் என்பதால், அவ்விளக்கத்தை மருத்துவப் பரிசோதனைக்கு முன் ஏற்பதற்கில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் பிறரும் 2020இல் வெளியிட்ட கட்டுரை, நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிலேனும் ஏதோ ஒரு வலி இருக்கக்கூடும் என மதிப்பிடுகிறது. வலியுள்ள நாயை உறுமியதற்காகத் தண்டித்தால் வலி போகாது. எச்சரிக்கை மட்டும் போய்விடும், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

பூனை வஞ்சம் தீர்க்கவே மணல்தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பிழையானது, ஆபத்தானதும்கூட. கிருமியோ கல்லோ காணப்படாமலே சிறுநீர்ப்பை வீங்கி வலிக்கும் நிலை பூனைகளில் மிகுதி. காரணம் அறியப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று இதற்குப் பெயர். கடுத்துக் கடுத்துச் சொட்டுச் சொட்டாகப் போகும் பூனை, வலியைத் தட்டோடு தொடர்புபடுத்தி அதைத் தவிர்க்கிறது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். இந்நோயைத் தூண்டுவதில் மன அழுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் குழுவினர், இந்நோயுற்ற 46 வீட்டுப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள இடம், ஏறி அமர உயரம், போதிய தட்டுகள், விளையாட்டு எனச் சுற்றுச்சூழலை மாற்றியமைக்கச் செய்து பத்து மாதம் கவனித்ததில், சிறுநீர்த் தொல்லையோடு அச்சமும் பதற்றமும் குறைந்தன. அவர்கள் அதை 2006இல் வெளியிட்டனர். நோய் நடத்தையாக வெளிப்படுவதையும், வாழும் சூழல் மருந்தாவதையும் இந்த ஒரு நோயிலேயே காணலாம்.

திமிர் என்ற விளக்கத்துக்குத் துணையாக, நாய் தலைமைக்குப் போட்டியிடுகிறது, ஆகவே மலர்த்திப் போட்டு அடக்க வேண்டும் எனச் சொல்லப்படும் வாதத்துக்கு மூலம், அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களின் தலைமைப் போட்டியை ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் விவரித்த ஆய்வு. அதைப் பரப்பிய நூலின் ஆசிரியரான டேவிட் மீச் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம் என 1999இல் எழுதிவிட்டார். பென்சில்வேனியாவில் மெகன் ஹெரன் முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை மலர்த்தி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினர் அது எதிர்த்துப் பாய்ந்ததாகத் தெரிவித்தனர்.

மருத்துவரிடம் போனால் மயக்க மாத்திரைதான் கிடைக்கும் என்பது எஞ்சும் ஆட்சேபம். வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாய்களுக்கு நெடுங்காலம் தரப்பட்ட அசிப்ரோமசின், உடலைத் தளர்த்தினாலும் அச்சத்தைப் போக்குவதில்லை என்பதால், அந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயமுண்டு. தீபாவளி இரவில் அசையாமல் கிடக்கும் நாய் அமைதியாக இருக்கிறது என்று பொருளில்லை. ஆனால், தனிமைப் பதற்றத்துக்கு, அதாவது வீட்டார் வெளியே சென்றவுடன் எழும் பெரும் பீதிக்கு, அமெரிக்காவில் 1998இல் ஒப்புதல் பெற்ற க்ளோமிப்ரமின் அவ்வகைப்பட்டதன்று. அது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டிப் பதற்றத்தைத் தணிக்க, நாய் கற்கும் நிலைக்கு வருகிறது. நடத்தைப் பயிற்சியோடு சேர்த்தே தரவேண்டும் என்பது அம்மருந்துக்கான ஒப்புதலிலேயே அடங்கியிருக்கிறது.