காலைப் பிடி, கழுத்தைப் பிடிக்காதே!

பொங்கல் பிறந்தால் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களில் கபடி களைகட்டும். ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர் பக்கத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. "என்னடா, பூ மாதிரி பிடிக்கிறே? அமுக்கு!" என்று கரையில் நிற்பவர்கள் கத்துவார்கள். அமுக்கலாம்தான். ஆனால், எங்கே?

கபடி விதி தெளிவாகச் சொல்கிறது. ரைடரின் கை, கால், உடம்பைப் பிடிக்கலாம். கழுத்தை நெரிக்கக் கூடாது. வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தக் கூடாது. தலைமுடியையும் உடையையும் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு கால்களாலும் கத்தரிக்கோல் போட்டு மடக்கக் கூடாது. மீறினால் ரைடர் அவுட் இல்லை. வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே தள்ளினால், தள்ளியவரே அவுட்! முரட்டு ஆட்டத்துக்கு அட்டையும் உண்டு. பச்சை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் அந்த ஆட்டமே அவ்வளவுதான்.

ரைடருக்கு மட்டும் ஏன் இவ்வளவு சலுகை? எதிரே 7 பேர் நிற்க, அவர் ஒற்றை ஆளாகப் போகிறார். மூச்சையும் பாட்டில் கட்டி வைத்திருக்கிறார்.

மோதலுக்கே பெயர்போன அமெரிக்க ஃபுட்பாலிலும் இதே நியாயம்தான். பந்தை எறிபவர் கையை ஓங்கி நிற்கிறார். உதைப்பவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்த நொடியில் இருவராலும் தங்களைக் காத்துக்கொள்ள முடியாது. அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில், உதைத்தவர் மீது லேசாக மோதினால் 5 கெஜம் தண்டனை. முரட்டுத்தனமாக மோதினால் 15 கெஜம். கூடவே எதிரணிக்குப் புதிதாக 4 வாய்ப்புகள். பந்தை எறிந்து முடித்தவரை முரட்டுத்தனமாகத் தாக்கினாலும் இதே தண்டனைதான். 15 கெஜம் என்றால் 13.7 மீட்டர். ஆண்கள் கபடிக் களத்தின் முழு நீளமே 13 மீட்டர்தான்!

2008-ல் நட்சத்திர வீரர் டாம் பிரேடியின் முழங்காலில் ஒருவர் மோத, அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது. மறு ஆண்டே, தரையில் விழுந்த வீரர் பந்தெறிபவரின் கால்மீது பாயக் கூடாது என்று விதியை இறுக்கினார்கள்.

பிரேடிக்கு மருத்துவர் குழு இருந்தது, சம்பளம் இருந்தது. நம்மூர்ப் பையனுக்கு? குழித்தறியில் மிதிகட்டையை மிதிப்பது கால், நாடாவை ஓட்டுவது கை. முழங்கால் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஒரு கோப்பைக்காக ஒரு வீடே முடங்கலாமா?

ஊர்ப் போட்டி நடத்துபவர்கள் பரிசுத் தொகையை அறிவிக்கும்போதே இந்த விதிகளையும் மைக்கில் சொல்லிவிடலாம். விதி தெரிந்த ஒருவரிடம் விசிலைக் கொடுத்து, அவர் ஊதினால் சொந்த ஊர் அணியாக இருந்தாலும் கட்டுப்பட வேண்டும். கரையில் நிற்பவர்களும் "அமுக்கு" என்பதை விட்டுவிட்டு, "காலைப் பிடி" என்று கத்தலாம்.

பிடிபட்டவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, பிடித்தவரின் தோளில் கை போட்டு நடந்தால்தான் அது கபடி!