பீடோங் தீவை யார் நினைக்கிறார்கள்?

திரெங்கானு கரைக்கு அப்பால் பீடோங் என்றொரு சிறு தீவு உண்டு. பரப்பளவு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். வியட்நாம் போர் 1975-இல் முடிந்த பிறகு படகேறித் தப்பி வந்தவர்களுக்கு 1978-இல் அங்கே முகாம் அமைந்தது. 1979-இன் நடுவில் சுமார் 40,000 பேர் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1991-இல் மூடப்படும்வரை அம்முகாமைக் கடந்து போனவர்கள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இரண்டிலும் பீடோங் என்ற பெயர் என் காதில் விழுந்ததில்லை. தேர்வுக்கு வராத வரலாறு நம் நாட்டில் வரலாறே இல்லை போலும்!

அந்த அகதிகள் மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் திரும்பி வந்து, தீவிலுள்ள கல்லறைகளில் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். இதேபோன்ற முகாம் இருந்த இந்தோனேசியாவின் காலாங் தீவில் அவர்கள் 2005-இல் வைத்த நினைவுக்கல், வியட்நாம் அரசின் எதிர்ப்பால் அதே ஆண்டில் அகற்றப்பட்டது. மறதி எப்போதும் தானாக வருவதில்லை. சில வேளை அழைத்தும் வரப்படுகிறது.

“இதில் தமிழருக்கு என்ன?” என்று கேட்கலாம். சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரி போர் மயானத்தில் கல்லறைகள் உண்டு. அதே பாதையில் மடிந்த நம் தோட்டத்துத் தமிழர்களுக்கு அங்கே இடமில்லை. இதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுகிறோம், நியாயமே. ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றிருந்தால், அந்த ஆதங்கத்திற்கு மதிப்பேது?

நினைவு என்பது பெருமை பேசுவதற்கு மட்டும் அன்று. பீடோங்கில் இடம் தந்த இதே நாடு, 1979-இல் பல படகுகளைக் கடலுக்கே இழுத்துச் சென்று விட்டது. 2020-இல் ரொஹிங்யா படகுகள் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களை ஏசியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். 1979-ஐ அறிந்த சமூகம் அவ்வளவு எளிதில் ஏசியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

ஆண்டுதோறும் நாம் கல்விச் சுற்றுலா போகிறோம். ஒருமுறை பீடோங்குக்குப் போவோம். அந்தக் காலத்தில் திரெங்கானுவில் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு இம்மலரில் பதிவு செய்வோம். பிறர் துயரை எழுதி வைக்கும் சமூகமே, தன் துயரையும் எழுதுங்கள் என்று உரிமையோடு கேட்க முடியும்.