கள்ளுக்கடையிலிருந்து ஒயின் கிண்ணம் வரை: சுவையா, போதையா?

நம்மவர் திருமண விருந்துகளிலும் நிறுவனங்களின் ஆண்டு விருந்துகளிலும் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு பீரும் விஸ்கியும் மட்டுமே இருந்த மேசையில் இப்போது சிவப்பு ஒயினும் வெள்ளை ஒயினும் இடம்பிடித்துள்ளன. “இது குடி இல்லை, ரசனை” என்று சிலர் சொல்கிறார்கள். “சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது” என்று வேறு சிலர் காரணம் காட்டுகிறார்கள்.

இதற்கிடையே, 2025 அக்டோபர் 10ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த 2026 வரவு செலவுத் திட்டத்தில் மதுபானங்களுக்கான கலால் வரி 10 விழுக்காடு உயர்த்தப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் அது நடப்பில் உள்ளது. விலை கூடும்போது மக்கள் எதைக் குறைப்பார்கள், எதற்கு மாறுவார்கள் என்ற கேள்வி தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் பட்டணத்துக் குடும்பங்களுக்கும் பொதுவானது. ஒயின் ரசனை என்றால் உண்மையில் என்ன என்பதையும் இந்த நேரத்தில் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

வரிக் கணக்கு சொல்வது என்ன?

நம் நாட்டில் மதுபானக் கலால் வரி பாட்டிலின் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. 2016 முதல் அதிலுள்ள சுத்த ஆல்கஹாலின் அளவே அடிப்படை. ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு பீருக்கு 175 ரிங்கிட், ஒயினுக்கு 150 ரிங்கிட் என்று இருந்தது. இப்போது அது முறையே 192 ரிங்கிட் 50 சென், 165 ரிங்கிட் என ஆகியுள்ளது.

750 மில்லி லிட்டர் ஒயின் பாட்டிலில் 13 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால், அதற்கான கலால் வரி ஏறக்குறைய 14 ரிங்கிட் 60 சென்னிலிருந்து 16 ரிங்கிட் 10 சென்னாக உயர்கிறது. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 320 மில்லி லிட்டர் பீர் டின்னுக்கு 2 ரிங்கிட் 80 சென்னாக இருந்தது 3 ரிங்கிட் 8 சென்னாகிறது. இறக்குமதி வரியும் விற்பனை வரியும் தனி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆல்கஹால் அளவு ஒன்றாக இருந்தால், 60 ரிங்கிட் பாட்டிலுக்கும் 600 ரிங்கிட் பாட்டிலுக்கும் கலால் வரி ஒன்றுதான். ஆகவே மலிவானதை வாங்குபவர் கொடுக்கும் விலையில்தான் வரியின் பங்கு அதிகம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 65 ரிங்கிட். ஒரு சாதாரண ஒயின் பாட்டில், ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு.

நல்ல சரக்கு எட்டாத விலைக்குப் போனால் சிலர் வரி கட்டாத சரக்கைத் தேடுவார்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது குடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. மலிவு விலைச் சரக்கைக் குடித்த தொழிலாளர்களே அதில் அதிகம் பாதிக்கப்பட்டனர். வரி உயர்வு குடியைக் குறைக்க வேண்டுமானால் கள்ளச் சரக்கின் மீதான அமலாக்கமும் அதே வேகத்தில் இருக்க வேண்டும்.

சுவைப்பது எப்படி?

ஒயின் சுவைப்பது ஒரு முறையான பயிற்சி. முதலில் கண். கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு எதிராகச் சாய்த்து நிறத்தைப் பார்ப்பார்கள். சிவப்பு ஒயின் வயதாக ஆக நிறம் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை ஒயினோ வயதாக ஆகப் பொன்னிறமாக அடர்த்தி கூடும். அடுத்து மூக்கு. கிண்ணத்தைச் சுழற்றுவது பகட்டுக்காக அல்ல. காற்றுப் பட்டால்தான் மணம் மேலெழும். கடைசியில்தான் நாக்கு. ஒரு சிறு மிடறு, வாய் முழுவதும் பரவவிட்டு, பிறகு துப்பிவிடுவது. ஒரே நாளில் பல பத்து ஒயின்களைச் சோதிக்கும் தொழில்முறைச் சுவைஞர்கள் விழுங்குவதில்லை. விழுங்கினால் நாக்கும் புத்தியும் வேலை செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் திராட்சைத் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயினில் சாறு தோலோடு சேர்ந்து புளிக்கிறது. நிறமும் ‘டானின்’ என்ற பொருளும் தோலிலிருந்து இறங்குகின்றன. வெள்ளை ஒயினில் தோலை நீக்கிய சாறுதான் புளிக்கிறது. அதனால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் செய்ய முடிகிறது.

டானின் தரும் உணர்வுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் நீண்ட விளக்கம் தருகின்றன. தமிழருக்கு அது தேவையில்லை. சீனி போடாத கடும் தே ஓ, வாழைப்பூ, நாவல் பழம் என்று சொன்னாலே புரியும். அதன் பெயர் துவர்ப்பு. நம் அறுசுவையில் இனிப்பு, புளிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய நான்கையும் ஒயினில் அடையாளம் காணலாம். வெள்ளையில் புளிப்பு முன்னால் நிற்கும். எலுமிச்சை போல வாயில் நீர் ஊறும். சிவப்பில் துவர்ப்பு முன்னால் நிற்கும். நாக்கு வறண்டு ஈறு இழுத்துப் பிடிக்கும்.

நம் ஊருக்கு வேறு இரண்டு செய்திகளும் தேவை. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளை வைத்துச் சொன்னது. அது 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவு. 30 பாகையைத் தாண்டும் நம் மண்டபங்களில் அப்படியே வைத்தால் ஆல்கஹால் நெடிதான் அடிக்கும். இரண்டாவது, உறைப்பு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுடன் துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயின் குடித்தால் இரண்டும் கெடும். இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயின்தான் உறைப்புக்கு ஓரளவு ஒத்துப்போகும்.

விலையும் பெயரும்

விலை உயர்ந்தது சுவையானது என்பதும் உறுதி இல்லை. 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் நடந்த சுவைப்புப் போட்டியில் பெயரை மறைத்து ஒயின்கள் வைக்கப்பட்டன. பிரெஞ்சு நடுவர்களே மதிப்பெண் போட்டும், சிவப்பிலும் வெள்ளையிலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஒயின்களே முதலிடம் பெற்றன. பிரான்ஸின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் கலந்து கொடுத்த ஆய்வு 2001இல் வெளியானது. சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அவர்கள் அதை வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. விருந்து மேசையில் பாட்டிலின் பெயரைக் காட்டிப் பெருமைப்படுவோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

மறக்கக் கூடாத வரலாறு

தமிழருக்கு ஒயின் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மது பாண்டிய மன்னனின் அவையில் இருந்ததைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டுகிறது. ஆனால் மலாயாவுக்கு வந்த தமிழனின் குடி வரலாறு அரசவையில் தொடங்கவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையில் தொடங்கியது. உழைத்த கூலியின் ஒரு பகுதி மாலையில் அங்கேயே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. சம்பள உயர்வு கேட்டவர்களே அதையும் சேர்த்துக் கேட்டார்கள். கூலி கூடினாலும் வீடு வந்து சேராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று கள்ளுக்கடையின் இடத்தில் கண்ணாடிக் கிண்ணம் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது அதே ஆல்கஹால்தான். 13 விழுக்காட்டு ஒயின் பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், ஆறு டின் பீரில் இருப்பதற்குச் சமம். 150 மில்லி லிட்டர் ஊற்றிய ஒரு கிண்ணம் ஒரு டின் பீரைவிடச் சற்று அதிகம். “நான் ஒயின் மட்டும்தான்” என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதயத்துக்கு நல்லது என்ற வாதமும் இன்று நிற்கவில்லை. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெரிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில், புகையிலை இருக்கும் அதே வரிசையில், மது 1988 முதல் இடம்பெற்றுள்ளது. குடிக்காதவர் மருந்து என்று நினைத்துத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை.

சட்டமும் கடுமையாகியுள்ளது. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. 2020 அக்டோபர் 23 முதல் வாகனமோட்டியின் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. குடிபோதையில் வாகனமோட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படலாம். திருமண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு யார் காரோட்டுவது என்பதை விருந்துக்கு முன்பே குடும்பத்தில் முடிவு செய்வது நல்லது.

ஒயின் ரசனையிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கொஞ்சமாக ஊற்று, மெதுவாக முகர், உணவோடு சேர்த்துச் சுவை, போதும் என்று நிறுத்து என்பதே அதன் ஒழுங்கு. நம்மில் சிலர் அந்த ஒழுங்கை விட்டுவிட்டுக் கிண்ணத்தையும் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். நிறுத்தத் தெரிந்தவருக்கு மட்டுமே அது சுவை. மற்றவருக்கு அது கள்ளுக்கடைக் கணக்கின் தொடர்ச்சிதான். அந்தக் கணக்கை இன்றும் அடைப்பது வீட்டில் காத்திருக்கும் மனைவியும் பிள்ளைகளும்.