சிங்கத்தின் பிடரியும் தமிழின் கொம்பும்

அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வுபெற்ற பிறகும் கண் சும்மா இருக்காது. எந்தப் பலகையைக் கண்டாலும் பிழை தேடும்.

நமது சிங்கத் தலைச் சின்னம் 1986ல் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பிடரியின் ஐந்து பிரிவுகள் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் சொல்வதும் அவைதான். அந்தச் சின்னத்தை எப்படிப் போடலாம், எப்படிப் போடக்கூடாது என்பதற்கு விதி உண்டு. உருவத்தில் கை வைக்கக்கூடாது. நல்ல விதி. சின்னம் கலைந்தால் மதிப்பும் கலையும்.

சென்ற மாதம் ஓர் அலுவலக வாசலில் நான்கு மொழி அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். சிங்கம் கச்சிதமாக இருந்தது. தமிழில் மட்டும் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. "தாத்தா, இது என்ன எழுத்து?" என்றாள் பேத்தி. எனக்கே படிக்க முடியவில்லை.

மொழிபெயர்த்தவர்மேல் குற்றமில்லை. தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தெரியவே தெரியாது.

தமிழ் நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அரசமைப்புச் சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆகவே சிங்கத்தின் பிடரிக்குக் காட்டும் கவனம் தமிழின் கொம்புக்கும் வேண்டும். ஒரே ஒரு விதி போதும்: அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் காலத்தில் அதற்கு 'புரூஃப் பார்ப்பது' என்று பெயர். ஐந்து நிமிட வேலை.